வைதேகியின் மௌனமும் விதைக் கழகமும்

தன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க அனுமதி வாங்குவதற்காகப் பாலம் தாண்டி, பஸ் மாறி, தெற்குக் கொல்கத்தாவின் கரியாஹாட்டில் இறங்கி, ஓர் ஆராய்ச்சிக் கழகத்தின் பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்த மனிதர் இந்தப் பூமியில் தியாகராஜன் ஒருவராகத்தான் இருப்பார். அவருக்கு முன்னால் இன்னொருவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் ஏசி ரிப்பேர் பார்க்க வந்தவர்.

இந்தக் கதி அவருக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள்.

தியாகராஜனுக்கு சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கிற வேலை. சக்கரம் தேய்ந்திருந்தாலோ பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலோ பெட்டியின் மேல் சாக்பீஸால் 'சிக்' என்று எழுதிவிடுவார். நோயாளி என்று அர்த்தம். எழுதியது எழுதியதுதான். அதற்குப் பிறகு ரயில்வே மந்திரியே வந்து தோள்கொடுத்துத் தள்ளினாலும் பெட்டி நகராது. கோளாறைச் சரிசெய்து 'ஃபிட்' என்று எழுதினால்தான் நகரும். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது, நடக்கவும் வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. கையெழுத்துப் போட்டுவிட்டு அதை மீறுகிறவன் தண்டவாளத்தைக் கழற்றுகிறவனுக்குச் சமம் என்று நினைக்கிற ஜாதி.

யார்டில் அவர் பேசுவது இந்தி. மீன்காரரிடம்கூட, மீன் சாப்பிடாதவர் என்றாலும் மரியாதைக்காக, நாலு வார்த்தை வங்காளம். மேலதிகாரியிடம் ஆங்கிலம். மகள் மிருதுளா இங்கேயே பிறந்து வளர்ந்து இப்போது பெங்களூரில் இருக்கிறாள். அவள் தமிழில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது வங்காளத்தில்தான் போய் இறங்கும். ஆகவே தியாகராஜனுக்குத் தமிழ் என்பது முழுக்க முழுக்க ஒரே ஒரு ஆள். அந்த ஆளின் பெயர் வைதேகி.

துர்கா பூஜைக்கு முந்திய வாரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு அந்தக் கழகத்தார் ஷாமியானா, மைக், பிஸ்கட் சகிதம் வந்து சேர்ந்தார்கள். கழகத்தின் முழுப்பெயர் அகில இந்திய விதைநலச் சேர்ம ஆய்வுக் கழகம். அதன் இயக்குநர் டாக்டர் நிர்மால்ய பாக்சி ஆங்கிலத்தில் ஓர் உரை ஆற்றினார். அதன் சாரம் வருமாறு:

"நண்பர்களே! ஹெம்ப் விதையில் எடெஸ்டின் என்ற புரதம் இருக்கிறது. ஒமேகா மூன்றும் ஆறும் இருக்கின்றன. லிக்னனமைடு என்ற அரிய சேர்மங்கள் இருக்கின்றன. இவை இதயத்துக்கு உதவக்கூடும். மூட்டுக்கு உதவக்கூடும். தோலுக்கும் மூளைக்கும் உதவக்கூடும். எங்கள் கழகத்தில் 'கூடும்' என்ற சொல்லுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. எந்த அறிக்கையும் அங்கே போய்க் 'கூடும்' போடப்படாமல் வெளியே வராது. ஏன் தெரியுமா? நன்மையை நிரூபித்துவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிடும். இல்லை என்று நிரூபித்தாலும் முடிந்துவிடும். விஞ்ஞானம் முடியக் கூடாது. அதற்காகத்தான் நாங்கள் அல்லும் பகலும் பாடுபடுகிறோம்."

ஹெம்ப் என்றால் கஞ்சாச் செடி என்று யாரோ பின்வரிசையில் கிசுகிசுத்ததில் கூட்டம் சட்டென்று இரண்டு மடங்கானது. கழகத்தின் இளம் ஆராய்ச்சியாளர் சாய்பிரியா, லேக் மார்க்கெட்டில் வளர்ந்த தமிழ்ப் பெண், மைக்கை வாங்கி, விதையில் போதை கிடையாது, கிலோக்கணக்கில் தின்றாலும் ஏறாது, உணவுப் பொருளாக விற்க அரசாங்கமே அனுமதித்திருக்கிறது என்று மூன்று மொழிகளில் விளக்கினாள். கூட்டம் பாதியாகக் குறைந்தது. மிஞ்சியவர்களில் தியாகராஜனும் வைதேகியும் இருந்தார்கள். வைதேகிக்கு விதை, அவருக்கு வெறும் அவல் பொடி. ஒப்பிட்டுப் பார்க்க விதை தின்னாதவர் ஒருவரும் வேண்டுமாம்.

ரத்தம், கொழுப்பு, எடை எல்லாம் அளந்து, கழகத்தின் விதிகளுக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்தும் வாங்கிய பிறகு, ஆளுக்கொரு சட்டைப் பொத்தான் மாதிரியான கருவியைத் தோளில் குத்தினார்கள். அதன் பெயர் சொல்மானி. வீட்டுக்குள் யார் என்ன பேசுகிறார்கள், எத்தனை சொற்கள் பேசுகிறார்கள் என்று அது கேட்டு எண்ணி அங்கிருந்தே கழகத்துக்கு அனுப்பிவிடும்.

"விதைக்கும் பேச்சுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று தியாகராஜன் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல அங்கிள்," என்றாள் சாய்பிரியா. "போன வருஷம் மைனா எப்படிப் பேசுதுன்னு ஆராய்ச்சி பண்ண வாங்கினது. மைனாவெல்லாம் பறந்துபோச்சு. கருவி இருக்கு. சும்மா வெச்சா ஆடிட்ல கேப்பாங்க."

விதை வருவதற்கு முந்திய அந்த அளவீட்டு வாரத்தில் வைதேகியின் சொல்மானி தொட்டால் சுடுகிற அளவுக்குச் சூடேறியது. பால்காரர், பக்கத்து வீட்டுக் குழாய், மிருதுளாவின் முடிவெட்டு, தியாகராஜன் ஈரத்துண்டை நாற்காலியில் போடுவது என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. கழகத்தில் அந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் இரண்டு மைனாக்கள் உள்ளே இருக்கின்றனவோ என்று சந்தேகப்பட்டார்களாம்.

பிறகு பூஜை வந்தது. கழகம் மூடப்பட்டது. கொல்கத்தாவில் பூஜை விடுமுறையில் நோய்கள்கூட டியூட்டிக்கு வருவதில்லை. லக்ஷ்மி பூஜையும் முடிந்து, குவார்ட்டர்ஸில் பூஜைக்குப் பிந்திய விஜயா வாழ்த்துச் சொல்லிக்கொள்ள எல்லாரும் மாடிப்படி முற்றத்தில் கூடினார்கள். வைதேகி அந்த வருஷம் முதல்முறையாக நார்கேல் நாரு செய்திருந்தாள். தேங்காயும் வெல்லமும் உருட்டிய வங்காளத்து உருண்டை. அவள் அதில் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துத் தன் கைவண்ணத்தைக் காட்டியிருந்தாள்.

எதிர்வீட்டு சுமிதா பௌதி, அதாவது குவார்ட்டர்ஸுக்கே அண்ணி, ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். தியாகராஜன் அவளுக்கு தாதா, அதாவது அண்ணன். "ஆஹா! தாதா, எந்தக் கடை? கரியாஹாட் கடைதானே?"

தியாகராஜனுக்கு மார்பு விம்மியது. கடைச் சரக்கு என்றே நினைத்துவிட்டாளே, இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று ஒரு யோசனை ஓடியது. "ஆமா பௌதி, கரியாஹாட்தான்," என்று சொல்லிவிட்டு, பெருமையாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

வைதேகி தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டைப் படிக்கட்டில் வைத்தாள். உள்ளே போனாள்.

மறுநாள் காலை கழகம் திறந்தது. விதை வந்து சேர்ந்தது. வைதேகி அதை எண்ணெய் விடாமல் வறுத்து, மிளகாயும் உப்பும் வைத்துப் பொடித்து, தன் இட்லிக்கு மட்டும் தொட்டுக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கு மறுநாளும், அந்த வாரமும், அடுத்த வாரமும்.

வீட்டுக்குள் இப்படி. வெளியில் போகும்போது சொல்மானியைக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு, மாடிப்படியில் சுமிதா பௌதியோடு உட்கார்ந்து வழக்கம்போல வெளுத்து வாங்கிக்கொண்டுதான் இருந்தாள். நாரு விஷயத்தை மட்டும் எடுக்கவில்லை. கட்டியவன் சொன்ன பொய்யைக் கட்டியவள் போய்த் திருத்துவதா? அப்படியொரு ரோஷம். அந்த மாடிப்படிப் பேச்சு கதவிடுக்கு வழியே தியாகராஜன் காதில் விழும். பாதி வங்காளம், பாதி இந்தி. தமிழ் மட்டும் இல்லை. ஒருநாள் யார்டில், தனியாக நின்ற ஒரு நிலக்கரிப் பெட்டியிடம், "என்னடா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு அவரே பயந்துபோனார்.

மிருதுளா போனில் தூது வந்தாள். "அப்பா, மா ரொம்ப ராக்-ல, கோவத்துல, இருக்கா. யார் முன்னாடி கடைச் சரக்குன்னு சொன்னீங்களோ, அவங்க எல்லார் முன்னாடியும் நின்னு திருத்தணுமாம். அப்போதான் கொதா, அதான், பேச்சு."

"அவ்வளவுதானே! இன்னிக்கே மாடிப்படில எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிடறேன்," என்றார் தியாகராஜன்.

அவர் தோளில் சொல்மானி இருந்தது. போனை வைத்த கையோடு அடுத்த போன் வந்தது. சாய்பிரியா.

"அங்கிள், மன்னிப்பு ஏதாச்சும் கேக்கப் போறீங்களா?"

"ஆமாம்மா."

"ஐயோ, வேண்டாம் அங்கிள். நாளைக்கு ஆபீஸுக்கு வந்துட்டுப் போங்க."

அப்படி வந்ததுதான் அந்த டோக்கன், அந்தப் பெஞ்சு.

இயக்குநர் பாக்சி எழுந்து வந்து தியாகராஜனைக் கட்டிக்கொண்டார். மேஜை முழுக்க ஒரு படம் விரித்திருந்தது. அதில் ஒரு கோடு இமயமலை உயரத்தில் போய்க்கொண்டிருந்து, ஒரு நாளில் செங்குத்தாக வங்காள விரிகுடாவில் விழுந்திருந்தது.

"பாருங்கள் தியாகராஜன்பாபு! கொழுப்பு இறங்கவில்லை. சர்க்கரை அசையவில்லை. மூட்டு அப்படியே இருக்கிறது. நாங்கள் மனமுடைந்து போயிருந்தோம். அப்போதுதான் இது! விதை தொடங்கிய அதே நாளில் உங்கள் மனைவியின் பேச்சு பூஜ்யம்! இதற்கு நாங்கள் 'குடும்ப அமைதி விளைவு' என்று பெயரிட்டிருக்கிறோம். விதையின் லிக்னனமைடுகள் மூளையின் கோப மையத்தை வருடிக்கொடுக்கக்கூடும்."

"சார், அவ கோவத்துலதான் பேசாம இருக்கா," என்றார் தியாகராஜன்.

"அது உங்கள் தனிப்பட்ட கருத்து. உங்களிடம் கருவி இருக்கிறதா?"

"மாடிப்படில பேசறாளே சார், நிறுத்தாம."

"மாடிப்படி எங்கள் ஆய்வு எல்லைக்குள் வராது. ரயில்வேக்குச் சொந்தமானது."

சாய்பிரியா மெதுவாகத் தொண்டையைக் கனைத்தாள். "சார், லிக்னனமைடு பெரும்பாலும் விதையோட ஓட்டுலதான் இருக்கு. நாம தோல் உரிச்ச விதையைத்தான் தர்றோம். ஓட்டையெல்லாம் மொட்டைமாடியில புறாவுக்குப் போட்டுடறாங்க."

"ஓடு கொள்முதல் கமிட்டியின் விஷயம். மௌனம் அறிவியல் கமிட்டியின் விஷயம். இரண்டையும் குழப்பக் கூடாது," என்றார் பாக்சி. மேலே மொட்டைமாடியில் புறாக்கள் இருதய நோய் ஏதுமின்றிக் குனுகிக்கொண்டிருந்தன.

தியாகராஜன் எழுந்து நின்றார். "அப்ப எங்க ரெண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து விட்டுடுங்க சார்."

"தாராளமாக! இது சுதந்திர நாடு. கணவனும் மனைவியும் ஒரே அலகு என்பதால், இருவரும் சேர்ந்து, ஒரே குரலில், சொல்மானிக்கு முன்னால் விலகுகிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால் போதும்."

"அவதான் பேசமாட்டேங்கறாளே."

"அப்படியானால் அவருக்கு விலக விருப்பமில்லை என்று தெரிகிறது."

தியாகராஜன் உட்கார்ந்தார். யார்டில் ஒரு முறை அவரே 'சிக்' எழுதிய பெட்டி ஒன்று, 'ஃபிட்' எழுத வேண்டிய ஆள் மாற்றலாகிப் போனதால், மழையிலும் வெயிலிலும் நின்று, உள்ளே அரசமரம் முளைக்கிற வரைக்கும் நின்றது. இப்போது அவர் தலையில் அரசங்கன்று குறுகுறுப்பது போலிருந்தது.

"மன்னிப்பாவது கேக்கலாமா சார்? அவ பேச வேண்டாம். நான் கேட்டுடறேன், அவ்வளவுதான்."

"அது சிகிச்சைக்குச் சமம். நெறிமுறைக் குழுத் தலைவரைத்தான் கேட்க வேண்டும்."

"அவரு எங்க இருக்காரு?"

பாக்சி எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, ஜன்னலோரமிருந்த இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"சொல்லுங்கள். என்ன விஷயம்?"

தியாகராஜன் திகைத்துப்போய்ச் சாய்பிரியாவைப் பார்த்தார். அவள், "முதல்லேர்ந்து சொல்லுங்க அங்கிள். இவருக்குத் தெரியாது," என்றாள்.

முதலிலிருந்து சொன்னார். நாரு, கரியாஹாட், மௌனம், எல்லாம். நெறிமுறைக் குழுத் தலைவர் இதையெல்லாம் அப்போதுதான் கேள்விப்படுவது போல அவ்வப்போது உச்சுக்கொட்டி வருந்தினார்.

"மனித உரிமை என்று ஒன்று இருக்கிறது. ஆகவே மன்னிப்புக்கு நான் தடையில்லை. ஆனால் முறைப்படி நடக்க வேண்டும். உண்மை மன்னிப்பு ஒன்று, போலி மன்னிப்பு ஒன்று, இரண்டையும் சீல் வைத்த உறையில் நாங்களே தயாரித்துத் தருவோம். நீங்கள் ஏதாவதொன்றை எடுத்துப் படிக்க வேண்டும். கேட்பது உண்மையான மன்னிப்புதானா என்று உங்களுக்கும் தெரியக் கூடாது, உங்கள் மனைவிக்கும் தெரியக் கூடாது. அப்போதுதான் அது அறிவியல்."

கல்யாணமான நாளிலிருந்து தான் கேட்ட மன்னிப்பெல்லாம் அப்படித்தானே இருந்தது என்று தியாகராஜனுக்குத் தோன்றியது. ஆனால் அதை வெளியில் சொல்லவில்லை. சொல்மானி தோளில் இருந்தது.

"எப்ப சார் உறை கிடைக்கும்?"

"போலி மன்னிப்பு தயார். அது எங்களிடம் எப்போதும் ஸ்டாக்கில் இருக்கும். உண்மை மன்னிப்புக்கு டெண்டர் விட வேண்டும்."

அன்றிலிருந்து வீடு அவருக்குச் சிறையானது. சிறையென்றால் கம்பி போட்ட சிறையில்லை. மரியாதை போட்ட சிறை. கழகம் யார்டுக்கு ஒரு பாராட்டு மடல் அனுப்பிவைக்க, மேலதிகாரி வரவழைத்து மாலை போட்டார். "சாந்த்ராகாச்சியின் பெருமை நீங்கள். எக்காரணம் கொண்டும் மனைவியோடு பேசிவிடாதீர்கள்," என்று எல்லார் முன்னாலும் கேட்டுக்கொண்டார். அங்கே நின்ற பாதிப் பேர் கண்ணில் பொறாமை தெரிந்தது. மாடிப்படிக் கூட்டத்துக்குக் கழகம் தடை வாங்கியது. சுமிதா பௌதி வீட்டுக் கதவைத் தட்டப் போனால் கீழே கழகத்து ஜீப்பிலிருந்து ஒருவர் இருமுவார். சாய்பிரியா இரண்டு நாளுக்கொரு முறை வந்து, சாம்பாரில் காரம் மாறவில்லையே, டிவி சத்தம் மாறவில்லையே, வீட்டில் சந்தோஷம் ஏதும் புகுந்துவிடவில்லையே என்று சோதித்துவிட்டுப் போவாள். ஒருநாள் தியாகராஜன் வாய்க்குள்ளேயே எதையோ பாடப்போக, உடனே போன் வந்தது: "அங்கிள், அது பழைய பழக்கமா, புதுசா?"

இத்தனை நடக்கும்போதும் வைதேகி பொடியை வறுத்தாள், இடித்தாள், இட்லிக்குத் தொட்டுக்கொண்டாள், பேசவில்லை. அவர் தவிப்பதைப் பார்த்து அவள் உதட்டோரம் ஏதோ அசைந்து அடங்குவதை மட்டும் தியாகராஜன் கவனித்தார். கழகம் அந்த அசைவை 'புன்னகை போன்றதொரு நிலை, விதையால் இருக்கக்கூடும்' என்று பதிவுசெய்துகொண்டது.

பனிக்காலத்தில் ஒரு மாநாடு ஏற்பாடானது. பெயர், 'விதையும் வீடும்'. லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். அவர் தலையசைத்தால் கழகத்துக்கு ஏழு மாடிக் கட்டடம், அதில் ஒரு மாடி முழுக்க 'கூடும்' பிரிவுக்கு. வைதேகி மேடையில் பேசாமல் உட்கார வேண்டும். அவள் தலைக்குப் பின்னால் பெரிய திரையில் அவளுடைய சொல்மானி நேரலையாக ஓடும். தியாகராஜன் மைக்கில் வந்து வீட்டின் அமைதிக்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

வைதேகி பட்டுப்புடவை உடுத்திக்கொண்டாள். அவள் மறுத்திருக்கலாம். ஆனால் மறுக்கவும் வாயைத் திறக்க வேண்டுமே.

கைதட்ட ஆள் வேண்டும் என்று குவார்ட்டர்ஸ்காரர்கள் அத்தனை பேரையும் கழகமே பஸ் வைத்துக் கூட்டிவந்தது. மேடையேறிய தியாகராஜன் கூட்டத்தைப் பார்த்தார். முதல் வரிசையில் சுமிதா பௌதி. அவளுக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக்காரர். பின்னால் அன்றைக்கு மாடிப்படி முற்றத்தில் நாரு தின்ற அத்தனை வாய்களும், ஒன்று குறையாமல். கூடக் கூடாது என்று தடை வாங்கிய கூட்டத்தைக் கழகமே வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்கியிருந்தது. மிருதுளா சொன்ன 'எல்லார் முன்னாடியும்' அவருக்கு நினைவுக்கு வந்தது.

பாக்சி முழங்கினார். "மாண்புமிகு விருந்தினரே! உலகம் வீட்டுச் சண்டையால் அழிந்துகொண்டிருக்கிறது. நாங்கள் ஒரு பெண்மணியின் வாயை அடைத்திருக்கிறோம். மன்னிக்கவும், அமைதிப்படுத்தியிருக்கிறோம். இந்தப் பெண்மணி ஏன் பேசவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பேசிவிடுவார், ஆய்வு கெட்டுவிடும். நோயாளியிடம் எதையும் கேட்காத மருத்துவம்தான் எங்கள் கனவு!"

கைதட்டல். திரையில் பூஜ்யம் பெரிதாக ஒளிர்ந்தது.

சாய்பிரியா தியாகராஜன் கையில் ஒரு தாளைத் திணித்தாள். "அங்கிள், இதுல இருக்கறத மட்டும் படிங்க, ப்ளீஸ். என் ஃபெல்லோஷிப்பே இதுலதான் தொங்குது." பிறகு குரலை இறக்கி, "ஆனா மைக் ஆஃப் பண்ற ஆள் டீ குடிக்கப் போயிருக்கான். சும்மா சொன்னேன்," என்றாள்.

தியாகராஜன் மைக்கின் முன் நின்றார். தாளில், 'என் இல்லத்தில் நிலவும் அமைதிக்கு ஹெம்ப் விதை உதவியிருக்கக்கூடும்' என்று இருந்தது. கையெழுத்துப் போட்ட ஒன்றை மீறுவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தண்டவாளம் கழல்கிற சத்தம் காதில் கேட்டது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பௌதி," என்றார், தனக்குத் தெரிந்த வங்காளத்தில். "அன்னிக்கு நீங்க சாப்பிட்ட நாரு கரியாஹாட்ல வாங்கினது இல்ல. இவங்க செஞ்சது. என் மனைவி வைதேகி, தன் கையால. நான்தான் பொய் சொல்லிட்டேன். எல்லாரும் கேட்டுக்கோங்க."

பாக்சி மேடையின் குறுக்கே ஓடிவந்து கொண்டிருந்தார். சுமிதா பௌதி வாயைப் பிளந்து, "சத்தியமாவா தாதா?" என்றாள். திரையில் இன்னும் பூஜ்யம். வைதேகியின் கண் மட்டும் கலங்கியிருந்தது.

அந்த இடத்தில் தியாகராஜன் நிறுத்தியிருக்க வேண்டும். எந்தக் கணவன்தான் நிறுத்தியிருக்கிறான்? பௌதி நம்பவில்லையோ என்று அவருக்குப் பதற்றம். ஆதாரம் கொடுத்துவிட வேண்டும் என்று துடித்தார்.

"சத்தியமா பௌதி! நீங்களே யோசிச்சுப் பாருங்க. கடையில வாங்கினதா இருந்தா அவ்வளவு கெட்டியா இருந்திருக்குமா?"

மேடையில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"கெட்டியா?"

திரையில் பூஜ்யம் ஒன்றானது.

"என் நாரு கெட்டியா? ஏங்க, வெல்லப்பாகு எந்தப் பதத்துல இறக்கணும்னு தெரியுமா உங்களுக்கு? பதம் வர்ற நேரத்துல, கரண்டியும் கையுமா நான் நிக்கறப்ப, 'வைதேகி, என் கண்ணாடி எங்க'ன்னு உள்ளேர்ந்து கத்தினது யாரு? கண்ணாடி எங்க இருந்துச்சு? உங்க மூக்கு மேல! நான் வந்து பாத்துட்டுத் திரும்பறதுக்குள்ள பாகு கல்லாப் போச்சு! அதை உருட்டி உருட்டி என் உள்ளங்கை வெந்துபோச்சு! அதுக்கு நீங்க கடைச் சரக்குன்னு ஒரு பட்டம், இப்ப ஊரைக் கூட்டிக் கெட்டின்னு ஒரு பட்டம்! அந்த ஈரத்துண்டு இன்னும் நாற்காலிலதான் கிடக்கு, தெரியுமா?"

திரையில் எண்கள் லாட்டரிச் சக்கரம் மாதிரி சுழன்றன. மௌனமாக இருந்த அத்தனை வாரத்துக்கும் வட்டி போட்டு வந்தது பேச்சு. குழாய், பால்காரர், மிருதுளாவின் முடி, மேலதிகாரி போட்ட மாலை, அந்த மாலையைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜின் மேல் வைத்தது, ஒன்றும் தப்பவில்லை. இலக்கங்களுக்கு இடம் போதாமல் திரை ஒரு நொடி இருண்டது. பிறகு கருவி தன் பழைய படிப்பை நினைவுபடுத்திக்கொண்டது போல, பெரிய எழுத்தில் காட்டியது: 'இனம்: மைனா. குரல் வகை: கூட்டைக் காக்கும் அலறல். நலம்: மிக நன்று.'

குவார்ட்டர்ஸ்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தமிழ் தெரிந்தவர் அங்கே நாலு பேர்கூட இல்லை. ஆனால் அதைப் புரிந்துகொள்ளத் தமிழ் எதற்கு?

தியாகராஜன் அப்படியே நின்றார். மழை காணாதவன் மழையில் நிற்பது போல முகத்தை ஏந்திக்கொண்டு நின்றார். தமிழ்! சுத்தமான, சூடான, தன்னை மட்டுமே குறிபார்த்து வருகிற தமிழ்!

டெல்லி அதிகாரி பாக்சியின் பக்கம் குனிந்தார். "டாக்டர், இந்த விதை பேச்சைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?"

பாக்சி ஒரு கணம்தான் தடுமாறினார். முப்பது வருட அனுபவம் கைகொடுத்தது. "சார், மாற்றக்கூடும்! விதை சொற்களைச் சேமித்துவைத்து, தக்க தருணத்தில் மொத்தமாக வெளிவிடக்கூடும். இதை 'சேமிப்பு விளைவு' என்போம். இதற்கு ஏழு மாடி போதாது."

அதிகாரி தலையை அசைத்தார். கழகம் பிழைத்தது. சாய்பிரியாவின் ஃபெல்லோஷிப்பும் பிழைத்தது.

மண்டபத்துக்கு வெளியே, பஸ்ஸுக்காக நிற்கும்போதும் வைதேகி பேசிக்கொண்டிருந்தாள். சுமிதா பௌதி அவள் கையைப் பிடித்து, அடுத்த லக்ஷ்மி பூஜைக்குக் குவார்ட்டர்ஸ் முழுக்க அவள்தான் நாரு செய்ய வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டு போனாள். தியாகராஜன், இனி தன் மேல் யாரோ 'ஃபிட்' என்று எழுதிவிட்டார்கள், நகரலாம் என்று நினைத்து ஓர் அடி எடுத்துவைத்தார்.

"அங்கிள்! ஒரு நிமிஷம்!" சாய்பிரியா மூச்சிரைக்க ஓடிவந்தாள், கையில் புதுத் தாளும் பேனாவுமாக. "சார் ரெண்டாம் கட்டம் ஆரம்பிச்சுட்டார். இந்தத் தடவை விதை உங்களுக்கு. ஓட்டோட. ஆன்ட்டி பேசறத எவ்வளவு நேரம் எழுந்து போகாம கேக்கறீங்கன்னு அளக்கணுமாம். உட்கார்ந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பிடிக்கலைன்னா தாராளமா விலகிக்கலாம்."

தியாகராஜன் வாயைத் திறந்தார். ஆனால் அதற்குள் வைதேகி பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

"எங்கம்மா போடணும்? இங்கயா? இவர் கையெழுத்த நானே போட்டுடறேன்," என்றாள். அழுத்திப் போட்டாள். "நீ கவலைப்படாம போ. இவர் எங்கயும் நகரமாட்டார்."

பிறகு கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, விதைப் பொடியில் புரட்டிய இட்லி ஒன்றை அவர் வாயில் வைத்து அடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.